விலைப்புள்ளி: பத்து எண்ணிக்கைக்கு

பதினொன்றரை லட்சமா என்று
முதலில் சிரித்தவள் நான்தான்.
பாட்டுப் போடும் பெட்டி.
திரை கிடையாது, ஒரே ஒரு பொத்தான்.
உள்ளே இருக்கும் போர்டு
என் மேசையடியில் தூசு தின்னும் கம்ப்யூட்டருக்குத்
தூரத்துப் பங்காளி.

ஓசூர் சிப்காட்டில் தகரக் கூரைக்குக் கீழே
ஆறு சி.என்.சி. மெஷின்.
மற்ற நாளெல்லாம் பிரேக் உறுப்புகள்,
மாதம் நாற்பதாயிரம், ஒன்று பதினேழு ரூபாய்.
அந்தப் பதினேழில் நாற்பது பைசா குறைக்க
வாங்கும் கம்பெனி மூன்று கூட்டம் போடும்.
சவரிராஜ் பழைய பைக்கில் வந்து
பத்து போதும் என்றார்.

பத்துக்கு எப்படி விலை போடுவது?
புரோகிராம் எழுத இரண்டு நாள்.
அதை நாற்பதாயிரத்தால் வகுத்தால் காற்று,
பத்தால் வகுத்தால் பாறாங்கல்.
இருபத்தெட்டுக் கிலோ அலுமினியப் பாளம்
குடைந்து முடித்தால் ஒன்பது கிலோ.
மிச்சம் பத்தொன்பதும் சுருள் சுருளாய்த் தரையில்.
சனிக்கிழமை நசீர் பாய் வந்து
சாக்கில் மிதித்து அடைத்து எடைக்கு எடுத்துப் போவார்.
அந்தச் சுருளுக்கும் சேர்த்துத்தான்
சிங்கப்பூரில் யாரோ பணம் கட்டப் போகிறார்.

ஒரு விசிறி வைத்தால் என்ன சார்,
நூற்றைம்பது ரூபாய் என்றேன்.
"சத்தம் வரும்மா" என்றார்.
எங்கள் ஷெட்டில் நின்று
ஆறு மெஷினுக்கு மேலே கத்திச் சொன்னார்,
சத்தம் வரும் என்று.

விசிறிக்குப் பதிலாகப் பக்கவாட்டில்
நாற்பத்திரண்டு செதில்.
செதில் ஒன்றுக்குப் பதினோரு நிமிடம்.
நகக்கீறல் விழுந்தாலும் தள்ளுபடி,
பத்துக்குப் பதின்மூன்று வெட்டினோம்.
பீன்யாவுக்குப் போய்க் கறுப்பு ஏற்றி வந்ததில்
எட்டு அமாவாசை,
இரண்டு மட்டும் அந்திக்கருக்கல்.
அதையும் திருப்பி அனுப்பினார்.

டீ வந்தபோது அவரே கணக்குச் சொன்னார்:
மென்பொருள் எழுத இரண்டு பையன்கள், மூன்று வருடம்.
கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது.
போன வருடம் விற்றது ஏழு,
ஏழில் ஒன்று திரும்பி வந்தது.
"உங்களுக்கு?" என்று கேட்டேன்.
வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டு
முதல் பெட்டியைப் போட்டுக் காட்டினார்.
பாட ஆரம்பிக்கும் முன் ஒரு பெண்
மூச்சை உள்ளே இழுத்தாள்.
அதைக் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன்.
பிறகு பைபாசில் ஒரு கிரானைட் லாரி போனது,
அவளையும் ஏற்றிக்கொண்டு.

திம்மராயனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பத்தொன்பது வருடம் மெஷினோடு நின்ற காது;
செல்போன் அடித்தால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்.
சும்மா நிற்கப் பிடிக்காமல்
பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்,
சினைமாட்டின் வயிற்றில் வைப்பதுபோல.
"அடியில அதிருது சார்."

இருக்காது என்றார் சவரிராஜ்.
மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாராம்.
திம்மராயன் கையை எடுக்கவில்லை.
திருகுகளைக் கழற்றினோம்.
டிரான்ஸ்பார்மரின் ஒரு கால்
அடித்தகட்டை முடி அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தது.

பத்து அடித்தகடும் மறுபடி வெட்ட வேண்டும்.
மூன்று நாள், புது டூல், ரப்பர் மெத்தை,
ஜி.எஸ்.டி. பதினெட்டு.
திங்கட்கிழமை விலைப்புள்ளியைத் திருத்த உட்கார்ந்தேன்.
திம்மராயனின் உள்ளங்கையை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.
மேற்செலவு என்று எட்டு சதவீதம் போட்டேன்.
முதலாளி அதை அடித்து
ஆறு ஆக்கினார்.